காலஞ்சென்ற டாக்டர் வில்லியம்

பீட்டர் அன்று ஆபீசிலிருந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்தான். வந்தவன் காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றான். உள்ளே அவன் மனைவி ஐரீன் மீனுக்கு மஞ்சளும் உப்பும் தடவிக்கொண்டிருந்தாள்.

“கமிட்டியில முடிவாயிருச்சு,” என்றான். “மொத்தம் ஆறு பேரு. அதுல உங்க அண்ணன் ஒருத்தர்.”

“எதுக்கு ஆறு பேரு?”

“கௌரவப் பலகைக்குத்தான். போன மாசமே சொன்னேனே.”

பீட்டர் கடற்கரைத் தெருவில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி. பினாங்கு நகரத்து அரசாங்க ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். இப்போது அதன் பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளர். பள்ளிக்கு அந்த 1933-ஆம் வருடம் நாற்பது வயது. அதை ஒட்டி, பள்ளிக்குப் பெயர் வாங்கித் தந்த பழைய மாணவர்களின் பெயர்களைத் தேக்குப் பலகையில் தங்க எழுத்தில் பொறித்து மண்டபத்தில் மாட்டப் போகிறார்கள். இரண்டு சீன வக்கீல்கள், ஒரு மலாய் மாஜிஸ்திரேட், ஒரு இஞ்சினியர், ஒரு ஆசிரியர் ஆகியோரின் பெயர்கள் ஏற்கெனவே முடிவாகியிருந்தன. ஆறாவது பெயரைக் கமிட்டியில் எடுத்து வைத்து, மூன்று கூட்டங்களில் வாதாடி வாங்கியவன் பீட்டர்தான்.

“சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில முதல் ஆளு, சிங்கப்பூர்ல டாக்டர் படிப்பு, பதினெட்டாம் வருஷத்து விஷக் காய்ச்சல்ல தோட்டத்துச் சனங்களைக் காப்பாத்துனது, எல்லாத்தையும் எழுதிக் குடுத்தேன். ஹெட்மாஸ்டர் துரையே படிச்சுட்டு, இவரை விடக்கூடாதுன்னுட்டாரு.”

“செத்தவங்க பேரையும் போடுவாங்களா?”

“போடுவாங்க. முன்னால ‘காலஞ்சென்ற’ன்னு சேர்த்துப்பாங்க, அவ்வளவுதான்.”

ஐரீன் குனிந்துகொண்டாள். அவள் கண்ணீர் மீன் சட்டியில் விழுந்தது. பீட்டர் அதைச் சந்தோஷத்தில் வந்த அழுகை என்று எடுத்துக்கொண்டு, அவள் தோளை மெதுவாகத் தட்டிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றப் போனான்.

வில்லியம் சாகவில்லை. நகரத்துக்குத் தெற்கே, லாஞ்சிப் படகில் ஒரு மணி நேரத் தூரத்தில், ஜெரெஜாக் தீவின் தொழுநோயாளர் குடியிருப்பில் எட்டு வருடங்களாக இருந்தான்.

நோயைக் கண்டுபிடித்தது அவனேதான். முன்கையில் ஒரு காசு அகலத்துக்கு வெளிறிய தேமல். ஊசியால் குத்திப் பார்த்தான். வலிக்கவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினான். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. அடுத்த நாளே மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டான். அவர்கள் தாய் அமலம்மாள்தான் தாங்கவில்லை. அப்போது ஐரீனுக்கு இருபத்து மூன்று வயது. பெண்கள் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பெருவியாதிக்காரனின் தங்கையை எவன் கட்டுவான், எந்தப் பள்ளியில் வைத்துக்கொள்வார்கள் என்று அமலம்மாள் நான்கு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் வில்லியமே வழி சொன்னான். அவன் உடம்பு தேற நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிவிட்டதாக ஊருக்குச் சொன்னார்கள். ஐந்து மாதம் கழித்து, அங்கே காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னார்கள். பினாங்கு ரோட்டுக் கோயிலில் ஆத்தும இளைப்பாற்றிக்குப் பூசை வைத்தார்கள். ஐரீன் கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு தாயின் பக்கத்தில் முழங்காலில் நின்றாள். வந்தவர்கள் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தீவில் வில்லியம் தன் ஞானஸ்நானப் பெயரான சூசை என்பதையே கொடுத்திருந்தான். அங்கே அவன் சூசை டாக்டர்.

மறு வருடம் பீட்டர் பெண் கேட்டு வந்தான். பள்ளியில் வில்லியமுக்கு ஆறு வகுப்பு இளையவன். விளையாட்டுத் திடலில் வில்லியம் ஓடியதை வேலி ஓரம் நின்று பார்த்தவன். அந்த வீட்டுப் பெண் என்பதற்காகவே கேட்டதாக அவனே பிறகு சொல்லிச் சிரித்திருக்கிறான். கல்யாணமாகி மூன்றாம் வருடம் அமலம்மாள் இறந்தாள். அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசியது, “பீட்டர்கிட்ட மட்டும் சொல்லிராதே” என்பதுதான். சொல்லிவிட வேண்டும் என்று ஐரீன் பல தடவை நினைத்ததுண்டு. ரீத்தா பிறந்த பிறகு அந்த நினைப்பும் நின்றுபோயிற்று.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, கோயில் பெண்கள் சிலர் பிஸ்கட்டும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு அரசாங்க லாஞ்சியில் தீவுக்குப் போவார்கள். ஐரீனும் அவர்களோடு போவாள். திரும்பி வரும்போது சேலையெல்லாம் கிருமி கொல்லும் லைசால் மருந்தின் வாடை அடிக்கும். பீட்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “என் பொண்டாட்டி புண்ணியம் சேர்க்குறா” என்பான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஜூலை மாதச் சனிக்கிழமை அவள் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

தீவில் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு நீளக் கொட்டகை. நடுவில் இரண்டு வரிசைக் கம்பித் தடுப்பு, இடையில் பத்தடி. இந்தப் பக்கம் வந்தவர்கள், அந்தப் பக்கம் நோயாளிகள். கோயில் பெண்கள் மூட்டைகளைக் கொடுத்துவிட்டு மரத்தடிக்குப் போன பிறகு, ஐரீன் கடைசிக் கம்பி ஓரம் நிற்பாள். வில்லியம் வருவான். அவனுக்கு நாற்பத்தொரு வயது. புருவமயிர் உதிர்ந்துவிட்டது, காது மடல்கள் தடித்துத் தொங்கின, இரண்டு கை விரல்களும் உள்ளே மடங்கிக் கிடந்தன. ஆனாலும் தினமும் காலையில் நூறு பேருக்கு நீரடிமுத்து எண்ணெய் ஊசி போடும் இடத்தில் அவன்தான் நிற்கிறான். ஊசியை வேறொருவன் குத்துவான். எங்கே, எவ்வளவு என்று அவன் சொல்வான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வில்லியம் சிரித்தான்.

“பீட்டர் நல்ல மனுஷன்,” என்றான். “என்ன எழுதிக் குடுத்தாராம்?”

சொன்னாள். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்து விஷக் காய்ச்சல் பற்றிய பேச்சு வந்ததும் அவன் சிரிப்பு நின்றது.

“அதை எடுக்கச் சொல்லு.”

“அதுக்காகத்தாண்ணே உன் பேரையே போடுறாங்க.”

“அது நான் இல்ல, ஐரீன்.” அவன் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டான். “நான் போன மூணாம் நாளே படுத்துட்டேன். கண்ணு தெரியாத காய்ச்சல். மானேஜர் பங்களாவுல கட்டில்ல கிடந்தேன். கூலிக்காரங்க லயத்துல வீடு வீடாப் போயி, தண்ணி குடுத்து, பீ மூத்திரம் அள்ளி, செத்தவங்களைத் தூக்கிப் புதைச்சது வேலு. டிரசர் வேலு, ஆஸ்பத்திரியில மருந்து கட்டுறவன். பத்தொன்பதாம் நாளு அவனும் போயிட்டான். நான் எந்திரிச்சு உக்காந்தப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு.”

ஐரீன் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை.

“ஸ்கூல்ல அஞ்சாம் வகுப்பு வரைக்கும் எம் பக்கத்துல உக்காந்தவன். கணக்குல என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் அப்பா துறைமுகத்துல வண்டி ஓட்டிக்கிட்டிருந்தாரு. அவரு படுத்ததும் இவன் நின்னுட்டான்.”

“அரசாங்க ரிப்போர்ட்டுல உன் பேருதானே இருக்கு?”

“ரிப்போர்ட்டை எழுதுனது யாரு? நான்தானே.” அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். “அப்ப எனக்குப் பதவி உயர்வுக்குப் பேரு போயிருந்துச்சு. ரெண்டு வரி எழுதியிருந்தா அவன் பேரு வந்திருக்கும். எழுதல. வேணும்னுதான் எழுதல.”

மரத்தடியில் கோயில் பெண்கள் தேவாரம் பாடுவது போல இழுத்து இழுத்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்ததும் வில்லியம் நிமிர்ந்தான்.

“என்னைச் செத்தவனாவே போடட்டும். எனக்கு அதுல ஒண்ணுமில்ல. ஆனா வேலு பேரைச் சொல்லணும். பலகையில போடாட்டியும் போகுது. மேடையில யாராவது எந்திரிச்சுச் சொல்லணும். நீ இதைச் செய்யணும்.”

வீட்டுக்கு வந்து, நான்கு நாள் கழித்து, ஐரீன் பேச்சோடு பேச்சாகப் பீட்டரிடம் சொன்னாள். அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அண்ணன் அப்பவே எழுதியிருந்தாரு.”

“கடுதாசி இருக்கா? இருந்தா எடு. துரைகிட்டக் காட்டணும். சும்மா வாய்ப் பேச்சுக்கு ஒரு பேரைச் சேர்க்கச் சொன்னா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒரு பேரோட வருவான்.”

“அம்மா பெட்டியில இருக்கும். தேடிப் பார்க்கிறேன்.”

அப்படி ஒரு கடிதம் இல்லை. ஆகஸ்ட் மாதம் அவள் தீவுக்குப் போனபோது, ஒரு பழைய காகிதத்தையும் மைப்புட்டியையும் பிஸ்கட் மூட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனாள். வில்லியம் தயங்கினான். “என் கை இப்ப பழைய கை இல்லம்மா,” என்றான். பிறகு உள்ளே போய், பேனாவை மடங்கிய விரல்களோடு துணியால் ஒருவனைக் கட்டச் சொல்லி, உட்கார்ந்து எழுதினான். 1919 ஜனவரி என்று தேதி போட்டான். பத்து வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. தீவை விட்டு எந்தக் காகிதம் போனாலும் மருந்துப் பெட்டிக்குள் வைத்து லைசால் ஆவி காட்டித்தான் வெளியே விடுவார்கள். ஐரீனும் அதை அப்படித்தான் வாங்கி, மடித்து, தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் வெயிலிலும் காற்றிலும் வைத்த பிறகே பீட்டரிடம் கொடுத்தாள்.

மாலை ஐந்து மணி இருக்கும். ரீத்தா தரையில் உட்கார்ந்து சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். பீட்டர் கடிதத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தான். திரும்பவும் படித்தான். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, பள்ளியில் அவன் தேடி எடுத்து வைத்திருந்த வில்லியமின் பழைய பரீட்சைத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். நிமிர்ந்து நின்ற எழுத்துகள் ஒரு பக்கம். நொண்டி நொண்டி நடந்த எழுத்துகள் ஒரு பக்கம். ஆனாலும் அந்த எழுத்துகளின் வால் வளைவு ஒன்றுதான். ஒரே கை என்பதில் சந்தேகம் இல்லை.

அவன் காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனான்.

“இது உன் சேலையில அடிக்கிற வாடை,” என்றான்.

ஐரீன் ரீத்தாவின் சிலேட்டைப் பார்த்தாள்.

“ஐரீன், இது எங்கேயிருந்து வந்துச்சு?”

“தீவுலேருந்து.”

“யாரு எழுதுனது?”

“அண்ணன்தான்.”

பீட்டர் குனிந்து, தரையில் இருந்த ரீத்தாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். ஐரீன் கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அமலம்மாள் பட்டினி கிடந்தது, பூசை வைத்தது, கறுப்புச் சேலை, பத்தடி தூரம், லைசால் தண்ணீரில் முழங்கை வரை கழுவிவிட்டு வருவது, ஒரு தடவைகூட அண்ணனைத் தொடாதது. உள்ளே, குழந்தை, “கூசுது அப்பா” என்று சொல்வது கேட்டது. அவன் அதன் சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று முதல் தினமும் காலையில் வெளிச்சம் வந்ததும் ரீத்தாவை ஜன்னலோரம் நிறுத்தி, முதுகு, தொடை, காதுக்குப் பின்னால் என்று பார்ப்பான். ஒரு மயிலிறகால் வருடி, “தெரியுதா? இங்க தெரியுதா?” என்று கேட்பான். அதை விளையாட்டு என்று நினைத்துக் குழந்தை சிரிக்கும். தனக்கு வேறு தட்டு, வேறு குவளை வாங்கி வைத்துக்கொண்டான். கூடத்தில் பாய் போட்டுக்கொண்டான்.

“உன் மேல கோவம் இல்ல,” என்று ஒருநாள் சொன்னான். “பயமா இருக்கு. ஏழு வருஷமா நீ அங்க போய்ட்டு வந்து எனக்குச் சோறு போட்டிருக்கே.”

“விழாவை என்ன செய்யப் போறீங்க?”

“என்ன செய்ய முடியும்? இப்ப வேணாம்னா ஏன்னு கேப்பாங்க. நான்தானே கத்திக் கத்தி வாங்குனேன்.” கடிதத்தை எடுத்துக்கொண்டு சொன்னான்: “அந்த வேலு பேரை மறந்துரு. அதுக்கு ஆதாரம் இந்தக் கடுதாசி ஒண்ணுதான். இதை யார்கிட்டயும் காட்ட முடியாது.”

கடிதத்தை அவன் அடுப்பில் போட்டான். செப்டம்பர் மாதச் சனிக்கிழமை தீவுக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். விழா முடியட்டும் என்று ஐரீனும் போகவில்லை.

விழா செப்டம்பர் இருபத்து மூன்றாம் தேதி நடந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். பலகையை ஒரு கொடியால் மூடியிருந்தார்கள். ஆங்கில அதிகாரி ஒருவர் கயிற்றை இழுத்ததும் கொடி விழுந்தது. புதுத் தங்க எழுத்துகள் மின்னின. சீன வக்கீல்கள் ஒவ்வொருவராக மேடையேறி, சட்டம் போட்ட சான்றிதழை வாங்கிக்கொண்டு, மனைவி மக்களைப் பார்த்துச் சிரித்தபடி இறங்கினார்கள். ஆசிரியரை அவருடைய பழைய மாணவர்கள் எழுந்து நின்று வரவேற்றார்கள்.

ஆறாவது பெயருக்குப் பீட்டர் எழுந்தான். கையில் இருந்த தாளை ஆங்கிலத்தில் படித்தான். “காலஞ்சென்ற டாக்டர் வில்லியம், தன் உயிரையும் பொருட்படுத்தாமல், பத்தொன்பது நாள் அந்தத் தோட்டத்து லயங்களில் தனியொருவராக நின்று…” அந்த இடத்தில் அவன் குரல் தடுமாறியது. மைத்துனனை நினைத்துத் தழுதழுக்கிறான் என்று கூட்டம் அமைதியாகக் காத்திருந்தது. அவன் மிச்சத்தைப் படித்து முடித்தான்.

ஐரீன் வெள்ளைச் சேலையில் மேடையேறினாள். அதிகாரி சான்றிதழைக் கொடுத்து ஆறுதலாக ஏதோ சொன்னார். அவள் இறங்கிப் போயிருக்க வேண்டும். இறங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். வகுப்பறையில் பேசிப் பழகிய குரல் பின்வரிசை வரை கேட்டது.

“என் அண்ணன் இன்று இங்கே இருந்தால், ஒரு உண்மையைச் சொல்லியிருப்பார்,” என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். “நீங்கள் இப்போது கேட்டது சரியில்லை. அங்கே இருந்தது அவரில்லை. வேலு என்று…”

அதற்குள் பீட்டர் அவளிடம் வந்துவிட்டான். அவள் முழங்கையைப் பிடித்தான். ஏழு வாரங்களுக்குப் பிறகு அவன் கை அவள்மேல் பட்டது அப்போதுதான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“மன்னிக்க வேண்டும். என் மனைவிக்கு உடம்பு சரியில்லை. துக்கம் தாங்கவில்லை,” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். அவளைப் படிகளில் இறக்கினான். கூட்டம் இரக்கத்தோடு கை தட்டியது. அவர்கள் வெளிவாசலைத் தாண்டும்வரை தட்டிக்கொண்டே இருந்தது.

ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவன் கையை எடுத்தான். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான்.

“அவரு உயிரோட இருக்காருன்னு நீ சொல்லிருவியோன்னு நெனைச்சேன்,” என்றான்.

“வேலுவைத்தான் சொல்ல வந்தேன்.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

ஏழு வருடம் அவனிடம் பொய் சொன்னவள் அவள்.

அடுத்த வாரம் பீட்டர் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: தீவுக்குப் போவதை நிறுத்துவாளா? அவள் இல்லை என்றாள். அவன் மறுபடியும் கேட்கவில்லை. மறுநாள் ரீத்தாவின் துணிகளை எடுத்து வைத்து, தைப்பிங்கில் இருந்த தன் அக்காள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். ஐரீனுக்கு நெஞ்சில் சளி நோய் இருக்கும்போல் தெரிகிறது, பிள்ளை பக்கத்தில் இருக்கக்கூடாது என்று அக்காளிடம் சொல்லியிருந்தான். ஐரீன் அதை மறுத்து எழுதவில்லை. மறுத்தால் வேறு காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அக்டோபர் சனிக்கிழமை அவள் தீவுக்குப் போனாள். கடைசிக் கம்பி ஓரம் நின்றாள். வில்லியம் வரவில்லை. காவலுக்கு நின்ற மலாய்க்கார ஜாகா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, சூசை டாக்டர் வரமாட்டேன் என்கிறார் என்றான். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறார் என்றும் சொன்னான். நவம்பரிலும் அதே பதில். அவள் இரண்டு தடவையும் லாஞ்சி ஊதும்வரை நின்றுவிட்டு வந்தாள்.

டிசம்பரில் அவன் வந்தான். கம்பியருகே வராமல் தூணோடு சாய்ந்து நின்றான்.

“எதுக்கு வர்றே?”

“நீ ஏன் வரல?”

“பீட்டர் வந்திருந்தாரு. விழா முடிஞ்ச மறு வாரம். ஆபீஸ்ல சொல்லி, அரிசிப் படகுல தனியா வந்திருக்காரு. நீ நிக்கிற அதே இடத்துல நின்னு ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் அழுதாரு. நான் ஸ்கூல்ல ஓடுன ஓட்டத்தைப் பத்திச் சொன்னாரு. நான் மறந்தே போயிட்டேன். அவரு எந்த வருஷம், எத்தனை அடின்னு சொல்றாரு. அப்புறம் உன்னை வரவேணாம்னு சொல்லச் சொன்னாரு. சரின்னேன்.”

“அவரு கேட்டா நீ சரின்னுருவியா?”

“ரீத்தாவுக்காகச் சொன்னேன்.”

“ரீத்தா எங்கிட்ட இல்ல. தைப்பிங்குல இருக்கா.” ஐரீன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். “நான் வராம இருந்தா அவ திரும்பி வருவா. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வர்றேன். அம்மா உன்னைச் செத்துப்போனதாச் சொன்னப்ப, நானும் கறுப்புச் சேலை கட்டிக்கிட்டு உக்காந்தேன். இன்னொரு தடவை என்னால முடியாது, அண்ணே.”

வில்லியம் தன் கைகளைப் பார்த்தான்.

“நீ தப்புப் பண்றே,” என்றான்.

“பண்ணிட்டுப் போறேன்.”

அவன் மெல்ல வந்து கம்பியருகே இருந்த பலகையில் உட்கார்ந்தான். விழாவைப் பற்றிக் கேட்டான். அவள் மறைக்காமல் சொன்னாள். எந்த இடத்தில் பீட்டர் வந்து பிடித்தான், கூட்டம் எப்படிக் கை தட்டியது என்பதைக்கூடச் சொன்னாள்.

“அப்ப வேலுன்னு பேரு மட்டும் வந்துச்சு.”

“பேரு மட்டுந்தான் வந்துச்சு. யாருன்னு சொல்ல விடல.”

“அந்தப் பத்தொன்பது நாளும் என் கணக்குலேயே போயிருச்சு,” என்றான். கொஞ்ச நேரத்தில், புண்ணுக்கு மருந்து வைக்க ஆட்கள் காத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனான்.

அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் வந்தான். அதிகம் பேசமாட்டான். ஐரீன் தான் பாடம் எடுக்கும் பள்ளியைப் பற்றி ஏதாவது சொல்வாள். ரீத்தாவின் அத்தை எழுதிய கடிதத்தில் இருப்பதைச் சொல்வாள். பிள்ளைக்கு ஒரு பல் விழுந்தது, வாய்ப்பாடு நான்கு வரை சொல்கிறது. அதைக் கேட்கும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

1934 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஐரீன் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது பள்ளி முகவரிக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. சூசை என்ற நோயாளி சிறுநீரகக் கோளாறால் ஞாயிறு விடியற்காலையில் இறந்ததாகவும், அன்றே தீவில் அடக்கம் செய்யப்பட்டதாகவும் மூன்று வரி. அவள் அதைப் படித்து மடித்து வைத்துவிட்டு, கரும்பலகையில் பாதியில் நின்ற கூட்டல் கணக்கை முடித்தாள். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

துக்கம் கேட்க யாரும் வரவில்லை. கறுப்புச் சேலை கட்ட முடியாது. யாருக்காக என்று கேட்பார்கள். ஊருக்கு வில்லியம் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவள் கோயிலுக்குப் போய் உபதேசியாரிடம் ஒரு பூசைக்குச் சொன்னாள்.

“யாருக்கு?”

“சூசைன்னு எழுதுங்க.”

“சொந்தமா?”

“தீவுல இருந்தவரு,” என்றாள். உபதேசியார் எழுதிக்கொண்டார். அவள் தீவுக்குத் தர்மம் செய்யப் போகிறவள் என்று அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமைக் காலைப் பூசைக்கு ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். பாதிப் பூசையில் யாரோ வந்து அவள் பக்கத்தில் முழங்காலில் நிற்பது தெரிந்தது. பீட்டர். பழுப்பு உறையை அவள் மேசைமேல்தான் வைத்திருந்தாள், படித்திருக்கிறான். சாமியார் சூசை என்று பெயர் சொன்னபோது அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. பத்து மாதங்களில் அவ்வளவு பக்கத்தில் அவன் வந்ததில்லை.

வெளியே வந்து, டிராம் போகும்வரை சாலையோரம் நின்றார்கள்.

“ரீத்தாவைக் கூட்டிட்டு வந்திரலாம்,” என்றான். “டாக்டர்கிட்ட விசாரிச்சேன். இனிமே நீ அங்க போக வேண்டியதில்ல. உன்னையும் ஒரு தடவை பார்த்துட்டு, ஒண்ணும் இல்லேன்னா வரலாம்னாரு.”

ஐரீன் அவனைப் பார்த்தாள்.

“எப்ப விசாரிச்சீங்க?”

அவன் டிராம் போன திசையைப் பார்த்தான்.

“இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தீங்களா?”

பீட்டர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“ஆமா,” என்றான். “ஒவ்வொரு மாசமும் நீ லாஞ்சி ஏறிப் போறப்பெல்லாம் அதைத்தான் நெனைச்சேன். அவருக்காகத்தான் அழுதேன், அதுவும் நிஜம். ரெண்டும் நிஜம்.”

அவள் டாக்டரிடம் போனாள். கை, கால், காது எல்லாம் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, இரண்டு பேரும் படகேறி எதிர்க்கரையில் இருந்த பிறை ஸ்டேஷனுக்குப் போனார்கள். தைப்பிங் ரயில் அங்கேதான் வந்து நிற்கும். வெயில் கடுமையாக இருந்தது. பீட்டரின் அக்காள் முதலில் இறங்கினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரீத்தா இறங்கினாள். ஒரு சாண் வளர்ந்திருந்தாள். முடியை வேறு மாதிரி வகிடெடுத்துப் பின்னியிருந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஐரீனைப் பார்த்தாள்.

ஐரீன் குனிந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

குழந்தை நகரவில்லை. திரும்பி அத்தையைப் பார்த்து, சின்னக் குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, “அத்தை, அம்மாவைத் தொடலாமா?” என்று கேட்டது.

அத்தை பீட்டரைப் பார்த்தாள்.

“தொடலாம்,” என்றான் பீட்டர். “தொடலாம்மா. போ.”

ரீத்தா இரண்டு அடி வந்தாள். நீட்டிய கைகளைப் பார்த்தாள். அவற்றைத் தொடாமல், ஐரீனின் சேலைத் தலைப்பின் நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். படகு வரும்வரை அவர்கள் அப்படியே நின்றார்கள்.